செந்நீர் சொல்லும் செய்தி



முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களின் விடைத்தாள்களில் ஆயிரக்கணக்கான பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டியிருக்கிறேன். இன்று நான் சுழித்துக் காட்ட வந்திருப்பது என்னுடைய பிழை ஒன்றை. அது தேர்வுத்தாளில் நேர்ந்த பிழையாக இருந்திருந்தால் இரண்டு மதிப்பெண்ணோடு போயிருக்கும். ஒரு நண்பரின் உடல்நலத்தில் நேர்ந்துவிட்டதால் அதன் விலை பெரிதாயிற்று.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். அறிவியல் வகுப்புக்கு வேண்டிய படங்களையெல்லாம் அவரே பெரிய தாள்களில் வரைந்து கொடுப்பார். இதயம், நுரையீரல், கழிவு நீக்க மண்டலம் என ஒவ்வொன்றும் அச்சடித்த படம் போலவே இருக்கும். ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஓர் ஏப்ரல் மாதக் காலையில் அவர் என் அறைக்கு வந்தார், கதவைச் சாத்தினார். சற்றுத் தயங்கிவிட்டு, "சார், இன்று விடியற்காலையில் சிறுநீர் செக்கச்செவேலென்று போயிற்று. வலி என்று ஒன்றும் இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எனக்குத் தெரியாது, வாருங்கள், டாக்டரிடம் போவோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால், தலைமையாசிரியன் அல்லவா? எதைக் கேட்டாலும் விடை சொல்லிப் பழகியவன். "வெயில் காலம், உடம்புச் சூடு. இளநீர் குடியுங்கள். இரவில் வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் சாப்பிடுங்கள்" என்றேன். மூன்றாம் நாள் அவர் மலர்ந்த முகத்தோடு வந்து, "சரியாகிவிட்டது சார்" என்றார். என் மருத்துவத்தை எண்ணி நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒன்பது மாதங்கள் கழித்து, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில், அவர் மறுபடியும் கதவைச் சாத்தினார். இம்முறை இரத்தம் கட்டி கட்டியாக வந்திருந்தது. மருத்துவமனைக்கு நானும் உடன் சென்றேன். டாக்டர் கேட்ட முதற்கேள்வி, "முதன்முதலில் இதை எப்போது கண்டீர்கள்?" என்பது. நண்பர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரை நோக்கி, "சரியாக நினைவில்லை" என்றார். என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் அது. என்னால் பொறுக்க முடியவில்லை. "சென்ற ஏப்ரலில் கண்டார், டாக்டர். என்னிடந்தான் சொன்னார்" என்றேன். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவருக்கு வந்திருந்தது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அந்நோய் எவ்வாறு தன்னை அறிவிக்கிறது, அதை எவ்வாறு கண்டறிகிறார்கள் என்பவற்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம். "இது முதியோர் நோய் ஆயிற்றே, எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் விடை உண்டு, இறுதியில் சொல்கிறேன்.

முதலில் அந்த உறுப்பைப் பார்ப்போம். நம் இரு சிறுநீரகங்களும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உடலுக்கே திரும்பிவிடுகிறது. எஞ்சி வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீரே. அது இரண்டு மெல்லிய குழாய்களின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பையில் தங்குகிறது. தசையால் ஆன அந்தப் பை, வளர்ந்தவர்களுக்கு 400 அல்லது 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதன் உட்புறத்தில் விரிந்து சுருங்கவல்ல மெல்லிய படலம் ஒன்று உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அந்தப் படலத்தின் உயிரணுக்களில்தான் தொடங்குகிறது. பிறகு, தடுப்பாரில்லாவிட்டால், படலத்தைத் தாண்டித் தசைக்குள் வேர்விடுகிறது. படலத்தோடு நிற்கிறதா, தசைக்குள் இறங்கிவிட்டதா என்ற அந்த ஒரு வேறுபாடே நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஆகவே இந்நோயில் காலந்தான் பெரிய செல்வம்.

இந்நோயின் முதல் அறிகுறி எது? சிறுநீரில் இரத்தம். சில வேளை இளஞ்சிவப்பாக இருக்கும். சில வேளை செக்கச்செவேலென்றிருக்கும். சில வேளை தேநீர் வண்ணமாகவும் தோன்றும். சிலருக்குக் கண்ணுக்கே புலப்படாது. நுண்ணோக்கியில் மட்டுமே சிவப்பணுக்கள் தெரியும்.

இந்த அறிகுறிக்கு ஏமாற்றும் குணங்கள் இரண்டு உண்டு. அவற்றை நீங்கள் நன்றாக மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, பெரும்பாலும் வலி இராது. வலித்தால்தான் நோய் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். பல் வலித்தால் ஓடுகிறோம். முள் தைத்தால் துடிக்கிறோம். வலியின்றி வரும் இரத்தத்தை மட்டும், 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடுகிறோம். இரண்டாவது, அது வந்து வந்து மறையும். இன்று தோன்றும், நாளை தெளிந்துவிடும், பல வாரங்களோ மாதங்களோ தலைகாட்டாது. இதற்குக் காரணம் உண்டு. அந்தக் கட்டி பெரும்பாலும் கடற்பாசியைப் போல மெல்லிய இழைகளாக வளர்கிறது. அவ்விழைகளில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் எளிதில் அறுபடும், இரத்தம் கசியும். பிறகு அந்த வாய் உறைந்து மூடிக்கொள்ளும்; கசிவு நின்றுவிடும். கசிவு நின்றதேயன்றிக் கட்டி மறையவில்லை. என் நண்பருக்கு மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்தது இதனாலேதான். இளநீருக்கும் வெந்தயத்துக்கும் அதில் பங்கு ஏதும் இல்லை. நான் கொடுத்த தவறான விடைக்கு இயற்கை தற்செயலாக முழு மதிப்பெண் போட்டுவிட்டது. அதை நான் நம்பிவிட்டேன்.

வேறு அறிகுறிகளும் உண்டு. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் போலிருத்தல், அடக்க முடியாத அவசரம், கழிக்கும்போது எரிச்சல் ஆகியவை சிலருக்குத் தோன்றும். இவை நீர்க்கடுப்பின் அறிகுறிகளும் ஆகும். ஆதலால் இங்கேதான் குழப்பம் நேர்கிறது. குறிப்பாகப் பெண்களுக்கு, "இது தொற்று" என்று மருந்து கொடுத்து, அது தீராவிட்டால் மறுபடியும் அதே மருந்தைக் கொடுத்துக் காலம் கடந்துவிடுவது பல நாடுகளில் காணப்பட்ட உண்மை. மாதவிடாய் நின்ற பெண்கள் உள்ளாடையில் இரத்தக் கறையைக் கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று அறியாமல் மறைத்துவிடுவதும் உண்டு. இடுப்பின் பக்கவாட்டில் வலி, கால் வீக்கம், உடல் மெலிவு ஆகியவை தோன்றுமானால் நோய் முற்றியிருக்கக்கூடும்.

இதைக் கேட்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. சிறுநீரில் இரத்தம் கண்டவர்களுக்கெல்லாம் புற்றுநோய் என்று பொருள் அன்று. தொற்று, சிறுநீர்க் கல், ஆடவர்க்கு வயதாகும்போது புராஸ்டேட் சுரப்பி பெருத்தல், சிறுநீரக நோய் எனப் பல காரணங்கள் உண்டு. பெரும்பான்மையோருக்குக் காரணம் அவற்றுள் ஒன்றாகவே இருக்கும். பீட்ரூட் கிழங்கை உண்டபின் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போவதுண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தும் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். ஆனால் இவற்றுள் எது காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அதை முடிவு செய்ய வேண்டியது சோதனைக்கூடம். ஒருமுறை கண்டாலும் போதும். அது தானே நின்றுவிட்டாலும் சரி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்பேச்சில் நீங்கள் மறக்கக் கூடாத செய்தி இதுவே.

இந்நோய் யாருக்கு வருகிறது? 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் ஏறத்தாழ நால்வரில் மூவர் ஆடவர். பெரும்பாலோர் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். காரணங்களுள் தலையாயது புகைபிடித்தல். புகைபிடிப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, பிடிக்காதவரைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்கு. இந்நோய் கண்டவர்களில் பாதிப்பேருக்குப் புகையிலையே காரணம் என்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர்.

புகை நுரையீரலுக்குத்தானே போகிறது, சிறுநீர்ப்பைக்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கதை ஜெர்மனி நாட்டில் தொடங்குகிறது. பிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1896-இல் இதயத்தில் ஏற்பட்ட காயத்தைத் தைத்து ஒருவரை உயிர் பிழைக்கவைத்துப் புகழ் பெற்றவர் அவர். அதற்கு முந்திய ஆண்டில், 1895-இல், அவர் ஓர் உண்மையை வெளியிட்டார். ஃபூக்சின் என்னும் செஞ்சாயம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுள் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி கண்டிருந்தது. எல்லோரும் தனித்தனி நோயாளிகளாகப் பார்த்தவர்களை, 'இவர்கள் ஒரே தொழில் செய்பவர்கள் அல்லவா?' என்று அவர் சேர்த்துப் பார்த்தார். அந்த ஒரு கேள்வியிலிருந்து பெரிய ஆராய்ச்சி பிறந்தது. 1938-இல் வில்ஹெல்ம் ஹியூப்பர் என்பவர், சாயத் தொழிலில் பயன்பட்ட பீட்டா நாப்தைலமின் என்ற பொருளை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாவதை மெய்ப்பித்தார்.

அதே பீட்டா நாப்தைலமின் புகையிலைப் புகையிலும் இருக்கிறது. புகையிலுள்ள நஞ்சு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது. வடிகட்டிய நஞ்சு சிறுநீரோடு பையில் வந்து தேங்குகிறது. மணிக்கணக்கில் அந்த மெல்லிய படலத்தை நனைத்துக்கொண்டே இருக்கிறது. இன்று தொடங்கும் இந்தச் சேதம் நோயாக வெளிப்பட இருபது ஆண்டும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். பதினெட்டு வயதில் பற்றவைத்த பீடிக்கு ஐம்பத்தெட்டு வயதில் கணக்குத் தீர்க்க வேண்டி வரும். என் நண்பரும் கல்லூரி நாளில் விளையாட்டாக அப்பழக்கத்தைத் தொடங்கியவரே.

அறிகுறியே பழகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்து நாட்டைச் சொல்லலாம். நைல் நதி பாயும் வயல்களிலும் கால்வாய்களிலும் இறங்குவோரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும் புழு ஒன்று உண்டு. 1851-இல் கெய்ரோ நகரில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். அப்புழுவின் முட்டைகள் சிறுநீர்ப்பையின் சுவரில் தங்கிப் புண்ணாக்கும். நாட்பட அதுவே புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். பல பத்தாண்டுகள் எகிப்திய ஆடவரிடையே மிகுதியாகக் காணப்பட்ட புற்றுநோய் இதுவாகவே இருந்தது. அந்நோய் மலிந்த ஊர்களில் சிறுவரின் சிறுநீரில் இரத்தம் வருவதை வளரும் பருவத்தின் இயல்பென்றே கருதியவர்களும் உண்டு. ஊரெல்லாம் கண்ட அறிகுறி, அறிகுறியாகவே தோன்றவில்லை! 'உடம்புச் சூடு' என்று நான் சொன்னதும் இதற்குத் தம்பிதானே?

இனி, நோயை எவ்வாறு கண்டறிகிறார்கள் என்று பார்ப்போம். இதில் படிகள் சில உண்டு.

முதற்படி, சிறுநீர்ச் சோதனை. எந்த அரசு மருத்துவமனையிலும் செய்யக்கூடிய எளிய சோதனை இது. சிவப்பணுக்கள் உள்ளனவா, தொற்று உள்ளதா என்பது இதில் தெரியும். தொற்று இருந்தால் மருந்து கொடுப்பார்கள். மருந்து முடிந்தபின் மறுபடியும் சிறுநீரைச் சோதித்து, இரத்தம் அறவே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். எரிச்சல் தீர்ந்தது, இனி எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அல்லது சி.டி. ஸ்கேன். சிறுநீரகம் முதல் பை வரையுள்ள பாதையை இவை படமாகக் காட்டும். ஆனால் மிகச் சிறிய கட்டியும் படலத்தோடு தட்டையாகப் படர்ந்த கட்டியும் ஸ்கேனில் தப்பிவிடலாம். 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்பது எப்போதும் முடிவான விடை ஆகாது.

மூன்றாம் படி, சிறுநீரில் உதிர்ந்து வரும் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்தல். கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த பாப்பனிகோலாவ் என்ற அறிஞர், விக்டர் மார்ஷலுடன் சேர்ந்து 1945-இல் இம்முறையை வெளியிட்டார். வீரியம் மிக்க புற்றுநோயை இது நன்கு காட்டும்; மெதுவாக வளரும் வகையைத் தவறவிடவும் கூடும்.

நான்காம் படியே முக்கியமானது. பைக்குள் நேராகப் பார்த்துவிடுவது! சிஸ்டாஸ்கோப் என்று மருத்துவர்கள் சொல்லும் உள்நோக்குக் கருவியை 1879-இல் வியன்னா நகரில் மாக்ஸ் நிட்சே என்பவர் செய்து காட்டினார். எடிசனின் மின்விளக்கு பரவாத காலம் அது. மின்சாரத்தால் ஒளிரும் பிளாட்டினக் கம்பியைக் கருவியின் நுனியில் வைத்து, அதன் சூடு சுடாமலிருக்கக் குளிர்நீரை ஓடவிட்டார். இன்று அந்தத் தொல்லை இல்லை. வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாய் போதும். உணர்வை மரக்கச் செய்யும் களிம்பைத் தடவி, சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பிறகு ஓரிரு நாள் சிறிது எரிச்சல் இருக்கலாம். கூச்சமும் அச்சமும் கொண்டு இச்சோதனையை ஒத்திப்போடுவோர் பலர். அவர்களுக்கு நான் சொல்வது இது: சில நிமிடக் கூச்சத்தைச் சில மாத காலத்தோடு எடைபோட்டுப் பாருங்கள்.

கட்டி ஏதேனும் தெரிந்தால், மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாகக் கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுப்பார்கள். எடுத்த திசுவைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அது புற்றுநோய்தானா, தசைக்குள் இறங்கிவிட்டதா என்பது அப்போதுதான் உறுதியாகும்.

இப்படிகளுள் ஒன்று தடுமாறினாலும் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த ஒருவரின் வரலாறு உண்டு. ஹியூபர்ட் ஹம்ப்ரி, 1965 முதல் 1969 வரை அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். மருந்துக்கடை நடத்திய குடும்பத்தில் பிறந்து, மருந்தாளுநராகப் பயிற்சியும் பெற்றவர். பதவியில் இருந்தபோதே, 1967-இல், அவருடைய சிறுநீரில் இரத்தம் கண்டது. அவர் காலங்கடத்தவில்லை; சோதித்துக்கொண்டார். அந்நாட்டின் சிறந்த வல்லுநர்கள் அவருடைய சிறுநீரின் உயிரணுக்களை ஆராய்ந்தனர். ஆனால் அவர்களுள் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒருவர் புற்றுநோய் என்று கருதினார். மற்றவர்கள் அவ்வாறு உறுதி செய்யவில்லை. ஹம்ப்ரி 1968-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார், தோற்றார், பின்னர் மீண்டும் செனட் சபைக்குச் சென்றார். 1976-இல் தசைக்குள் இறங்கிவிட்ட புற்றுநோய் உறுதியாகி, அவருடைய சிறுநீர்ப்பையே அகற்றப்பட்டது. 1978 ஜனவரி 13-ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில், அவர் காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1967-இல் அவர் கொடுத்த சிறுநீரின் படிவைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1994-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் புதிய முறையில் ஆராய்ந்தனர். 1976-இல் அகற்றிய கட்டியின் மரபணுவில் இருந்த அதே மாற்றம், அந்தப் பழைய சிறுநீரிலும் இருந்தது! அறுவைக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே நோய் தன் கையெழுத்தைப் போட்டிருந்தது. அதைப் படிக்கும் கருவிதான் அன்று இல்லை.

இவ்வரலாற்றைப் படித்தபோது நான் நெடுநேரம் சும்மா அமர்ந்திருந்தேன். துணைக் குடியரசுத் தலைவருக்கு ஒன்பது ஆண்டு. என் நண்பருக்கு ஒன்பது மாதம். ஹம்ப்ரியின் காலத்தில் நோயின் எழுத்தைத் தெளிவாகப் படிக்கும் கருவி இல்லை. எங்கள் காலத்தில் கருவிகள் இருந்தன. அவற்றிடம் போகத்தான் ஆள் இல்லை. முன்னது அறிவியலின் குறை. பின்னது என் குறை.

காலத்தில் கண்டறிந்தால் என்ன பயன் என்பதையும் சொல்ல வேண்டும். கண்டறியும்போது நான்கில் மூன்று பங்கினருக்கு நோய் தசையைத் தொடாமல் மேற்படலங்களோடு நிற்கிறது. அவர்களுக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்து, பையைக் காப்பாற்றிவிட முடிகிறது. மீண்டும் வரும் இயல்புள்ள நோய் ஆதலால், தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்நோக்கிப் பார்த்து வர வேண்டும். மீண்டும் வருவதைத் தடுக்க வேறொரு மருந்தும் உண்டு. உங்களுள் பலருடைய இடத் தோளில் சிறிய தழும்பு ஒன்று இருக்கும். குழந்தைப் பருவத்தில் காசநோயைத் தடுக்கப் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. சென்னைக் கிண்டியில் 1948-இல் அம்மருந்தைச் செய்யும் கூடம் அமைக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் செலுத்தினால், உடலின் எதிர்ப்பாற்றல் விழித்தெழுந்து புற்றணுக்களைத் தாக்குகிறது என்று கனடா நாட்டு மருத்துவர் ஆல்வரோ மொராலிஸ் 1976-இல் வெளியிட்டார். இன்றளவும் அது பயன்பட்டு வருகிறது. ஆனால் நோய் தசைக்குள் இறங்கிவிட்டால் இவை போதா. பையை அகற்றுதல், மருந்து, கதிர்வீச்சு எனப் பெரிய வழிகளையே நாட வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இளைஞர்களாகிய உங்களுக்கு இது எதற்கு?

முதலாவது, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக. தாத்தாவும் பாட்டியும் இத்தகைய செய்தியை எளிதில் வெளியே சொல்லமாட்டார்கள். வெட்கம் தடுக்கும், 'பிள்ளைகளுக்கு ஏன் தொல்லை' என்ற எண்ணமும் தடுக்கும். அவர்கள் யாரிடமாவது சொன்னால், என்னைப் போல் விடை சொல்லாதீர்கள். "எப்போது கண்டீர்கள்?" என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உடன் சென்று, அத்தேதியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். மருந்து முடிந்தபின் மறு சோதனைக்கும் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, உங்களுக்காக. பீடியும் சிகரெட்டும் இன்று உங்களை நாடி வரும் வயது இது. தொடாதிருப்பது எளிது, தொட்டபின் விடுவது கடினம். ஆனால் எந்த வயதில் விட்டாலும் ஆபத்து குறையத் தொடங்கும் என்பதை உங்கள் தந்தையருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கற்றவர்கள் என்ற முறையில். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது கல்வியின் குறை அன்று. அதன் தொடக்கமே அதுதான். இதை நான் பல வகுப்புகளில் சொன்னதுண்டு. வேண்டிய நாளில் நானே அதை மறந்துவிட்டேன்.

என் நண்பருக்குச் சிறுநீர்ப்பையை அகற்றினார்கள். வயிற்றின் மேல் ஒரு பையைப் பொருத்திக்கொண்டு அவர் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்; அவற்றுள் இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கும் வந்தார். ஒருநாளும் என்னைக் குறைகூறியதில்லை. பணிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் அறிவியல் அறைக்குச் சென்று, தாம் முன்பு வரைந்த கழிவு நீக்க மண்டலப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். சிறுநீர்ப்பையின் அருகே ஓர் அம்புக்குறி இட்டு, சிவப்பு மையால் ஒரு வரி எழுதி மீண்டும் மாட்டினார். "இங்கு இரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும், நின்றுவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் செல்க" என்பதே அவ்வரி.

நான் ஓய்வு பெற்ற நாளிலும் அப்படம் அங்கேதான் இருந்தது. அந்த ஒரு வரியை உங்கள் செவிகளிலும் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் இன்று வந்தேன்.